சினைப்பையில் தோன்றும் அரிய கட்டிகள்: வகையும் பிறப்பும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் வகைப்படுத்துதல் என்னும் பாடத்தைத் தொடங்குங்கால், ஒரு முறத்தில் பலவகை விதைகளைக் கலந்து கொட்டி, இவற்றைப் பிரித்து வையுங்கள் என்று மாணவியரிடம் கூறுவதுண்டு. ஒருத்தி நிறத்தைக் கொண்டு பிரிப்பாள். மற்றொருத்தி அளவைக் கொண்டு பிரிப்பாள். மூன்றாமவள், இவ்விதை எந்தச் செடியில் விளைந்தது என்று எண்ணிப் பார்த்துப் பிரிப்பாள். மூவர் செய்ததும் வகைப்படுத்துதலே. ஆயினும் அவ்விதைகளை எப்பருவத்தில் விதைப்பது, எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்று கேட்டால், மூன்றாமவளின் பிரிவினை ஒன்றே விடை தரும். பெண்களின் சினைப்பையில் தோன்றும் கட்டிகளைப் பற்றி மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதும் ஏறத்தாழ இந்தப் பாடமே ஆகும்.

இப்பொருளைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் தயங்கக் கூடும். தயக்கத்தால் விளையும் தீங்கே பெரிது என்பது என் கருத்து. நம் வீடுகளில் “வயிற்றில் கட்டி” என்ற சொல் காதில் விழுந்தவுடன் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. புற்றுநோய் என்று தாமே முடிவு கட்டி மனம் உடைந்து போகிறார்கள். அல்லது வெறும் நீர்க்கட்டி என்று தாமே முடிவு கட்டி மாதக் கணக்கில் வாளாவிருந்து விடுகிறார்கள். இரண்டும் பெயர் தெரியாமல் செய்யும் முடிவுகள். 17 வயதுப் பெண்ணொருத்திக்கு ஒரு பக்கத்துச் சினைப்பையை மட்டும் எடுத்தால் போதுமா, அல்லது கருப்பை உட்பட அனைத்தையும் எடுக்க வேண்டுமா, பின்னாளில் அவள் தாயாக இயலுமா என்பன எல்லாம் அக்கட்டியின் சரியான பெயரைப் பொறுத்தே அமைகின்றன. பெயரோ அது பிறந்த இடத்தைப் பொறுத்து அமைகிறது.

முதலில் உறுப்பை அறிந்துகொள்வோம். பள்ளி நூல்களில் அண்டகம் என்றும் சூலகம் என்றும் வழங்கப்படுவதையே மருத்துவமனைகளில் சினைப்பை என்கின்றனர். கருப்பை வேறு, சினைப்பை வேறு. கருப்பையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக, ஓடு நீக்காத பாதாம் கொட்டையின் அளவில் இவை அமைந்துள்ளன. இச்சிறிய உறுப்பினுள் பிறப்பால் வேறுபட்ட மூவகைச் செல்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. வெளிப்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய மேலுறைச் செல்கள் ஒருவகை. கருமுட்டையாக மாறவல்ல இனச் செல்கள் மற்றொரு வகை. அம்முட்டைகளைச் சூழ்ந்து காத்து, ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களும், அவற்றைத் தாங்கி நிற்கும் திசுவும் மூன்றாம் வகை. கட்டி இவற்றுள் எதிலிருந்து கிளைத்தது என்பதே முதற்கேள்வி.

இக்கேள்வியை அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 1973ஆம் ஆண்டில் ஒரு வகைப்பாட்டினை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஸ்கல்லி என்னும் நோய்க்குறியியல் வல்லுநர். அதற்கு முன்னர் ஒரே கட்டியை ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு பெயரால் அழைத்து வந்தனர். ஒரு மருத்துவமனையின் அனுபவம் மற்றொன்றுக்குப் பயன்படவில்லை. அந்த வகைப்பாடு பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 2020இலும் புதிய பதிப்பு வெளிவந்தது. ஆயினும் மூவகைப் பிறப்பு என்னும் அடித்தளம் மாறவில்லை.

சினைப்பைப் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 மேலுறைச் செல் வகையைச் சார்ந்தவை. பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்களுக்கு வருபவை. அவற்றைப் பற்றிப் பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. இங்கு நாம் காணவிருப்பவை எஞ்சிய சிறுபான்மை. எண்ணிக்கையில் அரியவை எனினும், இளம்பெண்களையும் சிறுமியரையும் நாடி வருபவை இவற்றுள் பல என்பதால் அறியத்தக்கவை.

இனச் செல்களின் கதை வியப்புக்குரியது. அவை சினைப்பையில் பிறந்தவை அல்ல. கரு தாய் வயிற்றில் மூன்று, நான்கு வார வளர்ச்சியில் இருக்கும்போது, அதன் உடலுக்கு வெளியே உள்ள கருவுணவுப்பையின் சுவரில் அவை காணப்படுகின்றன. அங்கிருந்து புறப்பட்டு, பின்னாளில் குடலாகப் போகும் பகுதியின் ஓரமாகத் தாமே ஊர்ந்து, ஆறாம் வாரத்தை ஒட்டிச் சினைப்பை உருவாகும் இடத்தை அடைகின்றன. ஐந்தாம் மாதத்தில் 60 முதல் 70 லட்சம் வரை பெருகும் இச்செல்கள், குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்து, பூப்பெய்தும் வயதில் மூன்று, நான்கு லட்சமே எஞ்சுகின்றன. ஒரு பெண்ணின் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. பயணத்தில் வழி தவறிய செல்கள் சில உடலின் நடுக்கோட்டில் தங்கிவிடுகின்றன எனவும், மார்பிலும் தண்டுவடத்தின் கீழ்நுனியிலும் மூளையிலும் இதே வகைக் கட்டிகள் தோன்றுவதற்கு அதுவே காரணமாகலாம் எனவும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.

எச்செல்லாகவும் மாறக்கூடிய ஆற்றல் இவ்வினச் செல்லுக்கு உண்டு. ஆதலால் இதிலிருந்து எழும் கட்டிகளும் பல வடிவங்களைக் கொள்கின்றன. மாறாமல் இனச் செல்லாகவே பெருகினால் அது டிஸ்ஜெர்மினோமா. இப்பெயரை 1931இல் இட்டவர் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மேயர். உடலின் பல உறுப்புகளாக மாற முயன்றால் அது டெரட்டோமா. கருவைச் சூழ்ந்த உறைகளைப் போல மாறினால் கருவுணவுப்பைக் கட்டி.

இவற்றுள் கருவுணவுப்பைக் கட்டி அடையாளம் காணப்பட்ட வரலாறு, பெயரின் அருமையை நன்கு உணர்த்துவது. வியன்னா நகரத்து அறிஞர் வால்டர் ஷில்லர் 1939இல் இக்கட்டியை விவரித்தார். நுண்ணோக்கியில் காணுங்கால், சிறுநீரகத்தில் உள்ள இரத்தக் குழல் முடிச்சுகளைப் போன்ற சிறு உருவங்கள் அதில் தென்பட்டன. எனவே, கருவில் தோன்றி மறையும் ஆதிச் சிறுநீரகத்தின் எச்சத்திலிருந்து இது பிறந்தது என அவர் முடிவு செய்தார். கண்டது சரி, கொண்ட பொருள் தவறு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைச் சேர்ந்த குன்னர் டைலம், இதே கட்டி ஆண்களின் விரையிலும் தோன்றுவதைக் கவனித்தார். சிறுநீரக எச்சமாயின் விரையிலும் சினைப்பையிலும் ஒரே வடிவம் எவ்வாறு வரும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மத்தியாஸ் துவால், எலியின் கருவுணவுப்பையில் கண்டு வரைந்து வைத்திருந்த அமைப்பொன்றினை டைலம் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்திருந்தன. கருவுணவுப்பையைப் போலவே இக்கட்டி வளர்கிறது என்பதை 1959இல் அவர் தெளிவாக எடுத்துரைத்தார். அவ்வுருவங்கள் இன்றும் ஷில்லர்–துவால் உருவங்கள் என்றே வழங்கப்படுகின்றன. பிழை செய்தவரின் பெயரையும் நன்றியோடு காத்து வரும் இப்பண்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் எனக் கேட்கலாம். இயல்பான கருவுணவுப்பை ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. கட்டியும் அதன் வழியினதாயின் அதுவும் சுரக்க வேண்டுமன்றோ? அவ்வாறே சுரக்கிறது. இன்று ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையால் இக்கட்டியை ஐயுறவும், சிகிச்சை பலித்ததா என்று அறியவும், மீண்டும் தலைதூக்கினால் முன்னதாகவே கண்டுபிடிக்கவும் முடிகிறது. முற்காலத்தில் இந்நோய் கண்ட இளம்பெண்கள் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் மறைந்தனர். பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டின் மருந்து 1970களில் பயன்பாட்டுக்கு வந்து, பின்னர் அதனோடு பிளியோமைசின், எட்டோபோசைடு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. இப்போது பெரும்பாலோர் குணமடைகின்றனர். மேலும், நோயுற்ற பக்கத்தை மட்டும் நீக்கி, மற்றப் பக்கத்துச் சினைப்பையையும் கருப்பையையும் காப்பாற்றுவது இயல்பான முறையாகிவிட்டது. அவ்வாறு குணமடைந்து, மணமாகிப் பிள்ளை பெற்றோரும் உளர். மேலுறைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணி அனைத்தையும் அகற்றிவிட்டால், பின்னர் வருந்தி என்ன பயன்?

டெரட்டோமாவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இதில் முதிர்ந்த வகையை டெர்மாய்டு என்பர். அது அரிதும் அன்று, பெரும்பாலும் தீயதும் அன்று. அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி, கொழுப்பு, சில வேளைகளில் பற்கள்கூடக் காணப்படும். மணமாகாத பெண்ணின் வயிற்றில் இத்தகையவற்றைக் கண்டதாகச் செய்தி பரவினால், கேட்போர் மனத்தில் தகாத எண்ணங்கள் எழக்கூடும். அவற்றுக்கு இடமே இல்லை. லிண்டர், மெக்கா, ஹெக்ட் என்னும் மூவர் 1975இல் இக்கட்டிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து, பெண்ணின் தனியொரு முட்டைச் செல், தன் முதற்பிரிவை முடித்த நிலையில் தானே வளரத் தொடங்கியதன் விளைவே இது என்று காட்டினர். ஆணின் பங்கு இதில் சிறிதும் இல்லை. சிறுமிக்கும் வரும், முதியவளுக்கும் வரும். உடன்பிறக்க வேண்டிய இரட்டைக் குழந்தை உள்ளே தங்கிவிட்டது என்று சிலர் கூறுவதும் பொருந்தாது. முதிராத வகை ஒன்றும் உண்டு; அதுவே அரியது, புற்றுத் தன்மை உடையது, மருந்துச் சிகிச்சையை வேண்டக்கூடியது.

இக்கட்டியோடு தொடர்புடைய மற்றொரு செய்தியைப் பெற்றோர் கட்டாயம் அறிதல் வேண்டும். நல்ல நிலையில் இருந்த இளம்பெண் ஒருத்தி சில நாட்களுக்குள் பிதற்றுகிறாள், இல்லாதவற்றைக் காண்கிறாள், நினைவு தடுமாறுகிறாள், வலிப்பு வருகிறது, பேச்சு நின்று போகிறது. நம் நாட்டில் இந்நிலையில் மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்வோர் இன்றும் உளர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டால்மாவும் அவருடன் பணியாற்றியோரும் 2007இல் இத்தகைய 12 பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுள் 11 பேருக்குச் சினைப்பையிலும், ஒருவருக்கு மார்பிலும் டெரட்டோமா இருந்தது. அக்கட்டியில் நரம்புத் திசுவும் இருந்தமையால், அதனை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், மூளையில் உள்ள அதே போன்ற பகுதிகளையும் தாக்கியது. கட்டியை நீக்கி, எதிர்ப்பொருளை அடக்கும் சிகிச்சையும் அளித்தால் பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறி வருகின்றனர். கட்டி இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு. ஆயினும், காரணமின்றித் திடீரென மனநிலை பிறழ்ந்த இளம்பெண்ணுக்கு வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்குமாறு கேட்பதில் தவறில்லை.

இனி மூன்றாம் வகை. முட்டையைச் சூழ்ந்து நிற்கும் கிரானுலோசா செல்களிலிருந்து எழும் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கக் கூடியது. ஆகவே கட்டி தன்னைத் தானே அறிவித்துக் கொள்கிறது எனலாம். ஆறு, ஏழு வயதுச் சிறுமிக்கு மார்பு வளர்ந்து உதிரம் காணப்படலாம். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன மூதாட்டிக்கு மீண்டும் உதிரப்போக்கு ஏற்படலாம். “இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது” என்று மூதாட்டியர் மறைப்பதைப் போலத் தீமை பயப்பது வேறில்லை. இக்கட்டி மெதுவாக வளர்வது. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையிலேயே அடங்குவது. ஆனால் 10, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. ஐந்தாண்டு கடந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று பரிசோதனையை நிறுத்துதல் கூடாது. 2009இல் கனடாவின் வான்கூவர் நகரத்து ஆய்வாளர்கள், பெரியவர்களுக்கு வரும் வகையைச் சேர்ந்த 89 கட்டிகளில் 86இல் ஃபாக்ஸ்எல்2 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். அந்த மரபணுவோ, சினைப்பை சினைப்பையாகவே நிலைத்திருக்கத் துணைபுரிவது. அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வில், வளர்ந்த பெண் சுண்டெலியில் அம்மரபணுவை நீக்கியபோது, அதன் சினைப்பைச் செல்கள் விரைச் செல்களின் இயல்பைப் பெறத் தொடங்கின. நுண்ணோக்கியில் ஐயம் எழும்போது இந்த ஓரெழுத்துப் பிழையைத் தேடிப் பார்த்து இன்று பெயரை உறுதி செய்ய முடிகிறது.

சினைப்பையும் விரையும் கருவில் ஒரே மூல உறுப்பிலிருந்து உருவாகின்றன. ஆகையால், விரைக்கு உரிய செர்டோலி, லேடிக் செல்களைப் போன்றவை பெண்ணின் சினைப்பையில் கட்டியாக எழுவதும் உண்டு. மாதவிலக்கு நின்று, முகத்தில் முடி வளர்ந்து, குரல் தடித்துப் போகும். முகத்தில் முடி என்றவுடன் அஞ்ச வேண்டா. அதற்குப் பெரும்பாலும் வேறு எளிய காரணங்களே இருக்கும். சில மாதங்களுக்குள் விரைந்து மாறுதல் தோன்றினாலே ஐயுற வேண்டும். டைசர்1 என்னும் மரபணுவின் பிழை இக்கட்டிகள் பலவற்றில் இருப்பது 2012இல் தெரியவந்தது. அப்பிழை பரம்பரையாக வரும் குடும்பங்களில் சிறு குழந்தைகளுக்கு நுரையீரல் கட்டியும், பிறருக்குத் தைராய்டு முடிச்சுகளும் தோன்றக்கூடும். மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது, தைராய்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணி விட்டுவிடாமல் அனைத்தையும் கூறுக.

தாங்கு திசுவிலிருந்து எழும் ஃபைப்ரோமா என்னும் கட்டி தீங்கற்றது. ஆயினும் சிலருக்கு வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் கோக்கச் செய்யும். பார்ப்பவர் முற்றிய புற்றுநோய் என்றே முடிவு செய்வர். பாஸ்டன் நகரத்து ஜோ மீக்ஸ் என்பவர் தம் உடன்பணியாளர் ஒருவருடன் சேர்ந்து 1937இல் இத்தகைய ஏழு பேரைப் பற்றி எழுதினார். கட்டியை எடுத்தவுடன் நீரும் தானே வற்றிப் போயிற்று. வயது முதிர்ந்தவர், நீர் கோத்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திசுப் பரிசோதனைக்கு முன்பே கைவிடுதல் கூடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இம்மூன்று வகையிலும் அடங்காமல், வெளியிலிருந்து வந்து சினைப்பையில் குடியேறும் கட்டிகளும் உள்ளன. ஃபிரெடரிக் குரூக்கன்பர்க் என்னும் ஜெர்மானிய இளைஞர் 1896இல் ஒரு புதிய சினைப்பைக் கட்டியைக் கண்டதாக அறிவித்தார். மோதிரத்தின் முத்திரைக் கல்லைப் போல ஒருபுறம் ஒதுங்கிய உட்கருவை உடைய செல்கள் அதில் நிறைந்திருந்தன. அது சினைப்பையிலேயே பிறந்தது என்று அவர் நம்பினார். 1902இல் ஷ்லாகன்ஹாஃபர் என்பவர் உண்மையை எடுத்துக்காட்டினார்: இத்தகைய கட்டிகள் இரைப்பை முதலிய பிற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோயின் பரவலே. இரு பக்கச் சினைப்பையிலும் ஒருசேரக் கட்டி தோன்றினால், இரைப்பையையும் பெருங்குடலையும் உட்குழாய் வழியே நோக்குவது இதனாலேயே. மூலத்தை விட்டுவிட்டு வந்த இடத்தை மட்டும் அறுத்து என்ன பயன்? மேலுறைப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் கொடிய வகையும்கூடச் சினைப்பையில் பிறப்பதன்று. பெரும்பாலும் அதனை அடுத்த கருக்குழாயின் நுனியில் பிறந்து சினைப்பைக்கு வருகிறது என்னும் கருத்து, 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியிலிருந்து வலுப்பெற்று இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

ஒன்றைக் குறித்து மட்டும் நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. பெரும்பாலும் இருபதுகளில் உள்ள பெண்களுக்கு வந்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிவிடும் சிறுசெல் புற்றுநோய் ஒன்றினை 1982இல் ஸ்கல்லியும் உடன்பணியாளர்களும் விவரித்தனர். மிகக் கொடியது; எந்தச் செல்லில் பிறந்தது என்று கூற இயலாமல், தனிப் பெட்டியில் இட்டு வைத்தனர். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்தது அவர்தம் நேர்மை. 2014இல் வெவ்வேறு குழுவினர் ஒரே காலத்தில், ஸ்மார்க்கா4 என்னும் மரபணு இதில் செயலிழந்திருப்பதைக் கண்டனர். சில குடும்பங்களில் இப்பிழை பரம்பரையாக வருவதால், நோயுற்றவளின் உடன்பிறந்தவர்களுக்கும் மகள்களுக்கும் மரபணு ஆலோசனை வழங்க இப்போது இயல்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். இளம்பெண்ணுக்குச் சினைப்பையில் திண்மையான கட்டி என்று ஸ்கேனில் தெரியவந்தால், பலரும் அறிந்த சி.ஏ. 125 பரிசோதனையோடு நில்லாமல், ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகியவற்றையும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பார்க்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஹார்மோன் மாறுதல் இருப்பின் இன்ஹிபின் அளவையும் பார்ப்பதுண்டு. கட்டியை உடையாமல் முழுதாக எடுக்க முடியுமா, மறுபக்கத்தைக் காக்க முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்வதில்லை.

அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கையில் கட்டியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதனை ஒரு தாளில் எழுத்துப் பிழையின்றிப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை அரியன ஆதலால், பல ஆண்டுகள் பணியாற்றிய நோய்க்குறியியல் வல்லுநரும் ஒரு சிலவற்றையே கண்டிருப்பார். எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடுகளும் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெற்று, புற்றுநோய்க்கெனவே அமைந்த பெரிய மருத்துவமனையில் இன்னொரு வல்லுநரிடம் காட்டலாம். வெறும் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் சென்றால் அவர் எதனைப் பார்த்துக் கூறுவார்? தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் பஞ்சு சுற்றி, உடையாத பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.